விஜயகலாவின் லொக் புத்தகம்

விஜயகலா றப்பர் பால் வெட்டுவதை விட்டுவிட்டு, வாகனக் கோளாறு கண்டுபிடிக்கிற வேலையைப் படிக்கப் போனபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. எங்கள் தோட்டத்திலிருந்து எஹலியகொடைக்கு முச்சக்கர வண்டியில் இருபது நிமிடம். அங்கிருந்து இரத்தினபுரிக்குப் பஸ். போய்வரும் நேரத்தையும் வகுப்பையும் சேர்த்தால் பகல் முழுவதும் வீட்டில் இருக்கமாட்டாள். அந்த நேரத்தில் அவளுடைய அப்பா காத்தமுத்துவை யார் பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. நான் பார்த்தேன். இந்தக் கதை எனக்குத் தெரிந்தது அதனால்தான்.

காத்தமுத்து முப்பது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஏழு சொல் மிஞ்சியது: ஆமா, இல்ல, தண்ணி, லொறி, கலா, போ, அழகு. கடைசிச் சொல் நான், அழகம்மா, விஜயகலாவுக்கு அத்தை முறை. முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, வெளிநாட்டில் பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தவள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகும். அவர் தூங்கினாலும் எழுப்பிப் புரட்டுவேன். அதனால் என்னை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

விஜயகலாவுக்கு அந்த ஆசை வந்த நாளில் நானும் கூட இருந்தேன். காத்தமுத்துவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன வாடகை வேன் வழியில் நின்றுவிட்டது. டிரைவர் பொனட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் சின்னப் பெட்டி. அதன் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, திரையைப் பார்த்து, இன்னதுதான் வேலை செய்யவில்லை என்றார். அவர் சொன்னதை மாற்றியதும் வேன் ஓடியது. காத்தமுத்துவின் தலை என் மடியில் இருந்தது. விஜயகலா அப்பாவைப் பார்க்கவில்லை, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொட்டிக்கு எப்படி அத்தே தெரியும்?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னா தெரியும்? நெத்தியில கை வெச்சா எனக்குக் காய்ச்சல் தெரியுது. அது மாதிரி ஏதாவது இருக்கும்."

மறுமாதம் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். கல்யாணம் ஒன்று பேசி நின்றுபோனது அதற்கு முந்திய வருஷம். அதை அவளும் பேசுவதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெண் அவள் ஒருத்திதான், வயதில் மூத்தவளும் அவள்தான். பையன்கள் "அக்கே" என்று கூப்பிட்டு, கனமானதைத் தூக்க மட்டும் அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். அவளோ பதின்மூன்று வருஷம் பால் வாளி தூக்கியவள். இரண்டாவது வாரத்தில் ஒரு பற்றரியைத் தனியாகத் தூக்கிக் காட்டினாள், அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். பாடம் சிங்களத்தில். பேசுவது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு, எழுதத்தான் வராது. சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, மாலையில் சத்தமாக வாசிப்பாள். காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "லொறி" என்ற சொல் வந்தால் மட்டும் கண்ணைத் திறப்பார்.

ஒருநாள் நான் வந்து பார்க்கும்போது என் பிரஷர் மிஷின் நாலு துண்டாக மேசையில் கிடந்தது.

"என்னாடி செஞ்ச?"

"கரண்ட் எது வழியா போகுதுன்னு பாத்தேன் அத்தே. பூட்டிருவேன்."

"பூட்டாட்டி உன்னோட பிரஷரத்தான் முதல்ல பாப்பேன்."

பூட்டினாள். முன்பு ஐந்து கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு சரியாகக் காட்டியது.

ஆறு மாதம் வகுப்பு முடிந்ததும் ஆறு மாதம் கராஜில் நின்று பழகவேண்டும். எஹலியகொடையில் கபூர் நானாவின் கராஜ் அவளை எடுத்தது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். கபூர் நானா முப்பது வருஷமாக அந்த இடத்தில் வாகனம் திருத்துகிறவர். ஸ்கேனர் வாங்கி இரண்டு வருஷம்தான். அவளுடைய கையைப் பார்த்துவிட்டு, "கத்தி புடிச்ச கை. வயருக்கு மேல இருக்கிற தோலை மட்டும் சீவுது, உள்ளுக்குப் படல்ல," என்றாராம். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவிப் பழகிய கைக்கு அது பெரிய வேலையில்லை.

பயிற்சி நிலையம் அவளிடம் ஒரு லொக் புத்தகம் கொடுத்திருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். முறைப்பாடு, பரிசோதனை, காரணம், திருத்தம் என்று நாலு இடம் எழுத, கீழே கராஜ்காரர் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தால்தான் ஜனவரியில் கடைசிச் சோதனைக்கு உட்கார விடுவார்கள். சோதனையில் தேறினால் ஸ்கேனர் வேலைக்கு நிரந்தரமாக எடுப்பதாக கபூர் நானா சொல்லியிருந்தார். தேறாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், அவள் பெயரை வெட்டியாகிவிட்டது.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது.

முதல் நாள் மாலை காத்தமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "லொறி. தண்ணி. லொறி," என்று இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு விளங்கவில்லை. விஜயகலாவுக்கு விளங்கிவிட்டது.

"தெரியும்ப்பா. பொனட்டத் தொறந்து, மூணு தடவை மஞ்சத் தண்ணி. அதானே?"

"ஆமா," என்றார். கை அடங்கியது. முப்பது வருஷமும் அவர் லொறிக்கு அப்படித்தான் செய்தார்.

கராஜில் பூசை வைக்கலாமா என்று அவள் கேட்டதற்கு கபூர் நானா, "ஒங்கட பூசையை நீங்க செய்ங்க புள்ள. நான் தொழுதுட்டு வாறன். ஸ்கேனர் திரையில மட்டும் பொட்டு வெச்சிராதீங்க, புதுசு," என்றார். அவள் சாவிகளுக்கும் ஜக்குகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஸ்கேனர் பெட்டியின் முதுகில் ஒரு பொட்டு. தேசிக்காய் வெட்டினாள். உள்ளே ஒயில் மாற்ற வந்த பள்ளிக்கூட வேன் ஒன்று பொனட் திறந்தபடி நின்றது. ஷிராஸ் என்பவருடையது. இஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடியையும் கழற்றி வைத்திருந்தார்கள். மாவிலையால் தெளித்தாள். அது போதாது என்று செம்பிலிருந்தே மூன்று தடவை ஊற்றினாள். அப்பா அப்படித்தான் செய்வார். வேனுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். யாரிடமும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

மூன்று வாரம் கழித்து ஷிராஸ் வேனைக் கொண்டுவந்தார். "ஏத்தத்துல நடுங்குது நானா. மலேரியா வந்த மாதிரி."

ஸ்கேனரைப் போட்டார்கள். இஞ்சினில் நாலு சிலிண்டர். மூன்றாவதில் பெற்றோல் சரியாக எரியவில்லை என்று காட்டியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெருப்புப் பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயில் ஒன்று உண்டு. கபூர் நானா மூன்றாவது கொயிலைக் கழற்றிப் போட்டுவிட்டு, நஜீப்பின் உதிரிப்பாகக் கடையில் புதிது வாங்கிப் போட்டார். நாலு நாள் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் நடுக்கம். கொயில் சரியில்லை என்று இன்னொன்று வாங்கிப் போட்டார். ஒரு வாரம் ஓடியது. மூன்றாவது தடவை, காலையில், பதினாறு பிள்ளைகளோடு ஏற்றத்து வளைவில் வேன் நின்றேவிட்டது. பின்னால் வந்த லொறிக்காரர் பிரேக் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று கபூர் நானா நஜீப்பின் கடை வாசலில் நின்று, ஊர் கேட்கச் சத்தம் போட்டார். போலிச் சாமான் விற்கிறான் என்றார். இருபது வருஷ சிநேகிதம் அது. இருவரும் முகம் பார்ப்பதை விட்டார்கள்.

அவர் அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது விஜயகலா கராஜில் தனியாக அந்த வேனோடு இருந்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஒன்று அவளுக்கு நினைவு வந்தது: புதிது வாங்குமுன் இடம் மாற்றிப் பார். மூன்றாவது கொயிலை ஒன்றாவது இடத்திலும், ஒன்றாவதை மூன்றாவது இடத்திலும் போட்டாள். கொயிலில் பழுது என்றால் கோளாறு இப்போது ஒன்றாவதுக்கு நகரவேண்டும். நகரவில்லை. மூன்றாவதிலேயே நின்றது. கொயில் நல்ல கொயில்.

அடுத்தபடியாக, கொயிலுக்குக் கரண்ட் கொண்டுவருகிற சொக்கெட்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தாள். அதன் கொக்கி எப்போதோ உடைந்திருந்தது, றப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. உள்ளே கம்பி பச்சை பூத்திருந்தது. கழற்றிப் பூட்டும்போதெல்லாம் அந்தப் பச்சை கொஞ்சம் சுரண்டுபட்டு, சில நாள் வேலை செய்திருக்கிறது; இப்போது சுரண்டியும் பிடிக்காத அளவுக்கு முற்றிவிட்டது. வளையத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது.

துணியில் சவர்க்காரம் தொட்டு அதைத் துடைத்தாள். துணி சிவந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆலாத்தி சிவக்கும். சவர்க்காரம் பட்டாலும் சிவக்கும். மஞ்சள் பூசிக் குளித்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். எஹலியகொடையில் உள்ள வேறெந்த கராஜ்காரருக்கும் அந்தச் சோதனை தோன்றியிருக்காது.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். நான் காத்தமுத்துவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தே."

"அப்ப என்னா? காலையில போயி அந்தச் சொக்கெட்ட மாத்திடு. வேன் ஓடிரும். கையெழுத்து வாங்கி, சோதனை எழுதிட்டு, அதுக்கப்புறம் சொல்லு. இப்ப வாய மூடிக்கிட்டு இரு."

"நஜீப் நானாவத் திருடன்னு சொல்லிட்டாரு அத்தே. ரெண்டு பேரும் ஒரே கோப்பையில நோன்புக் கஞ்சி குடிச்சவங்க."

"அது அவங்க சண்டை. உனக்கு ஒரு வருஷம் போயிரும். எனக்கும் ஒரு வருஷம் போயிரும், இந்த மனுசனத் தூக்கி."

அந்த மனுசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுத்தான் போனதே தவிர காது நன்றாக இருந்தது. "தண்ணி," என்றார். குடிக்கக் கொடுத்தேன். "இல்ல," என்று முகத்தைத் திருப்பினார். "தண்ணி. லொறி. தண்ணி." கண்ணிலிருந்து நீர் வந்தது. பாரிசவாதக்காரர்களுக்குக் கண் நீர் வடிவது சாதாரணம், துடைத்துவிட்டேன். அது அந்த நீரில்லை என்று எனக்குத் தெரியும்.

விஜயகலா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விழுந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க லொறி இரும்புப்பா. அதுல வயரே கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? பாடம் படிச்சவ நான்."

காலையில் முதல் முச்சக்கர வண்டியில் போய்விட்டாள்.

அன்று நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். கபூர் நானா கராஜ் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவள் சிவந்த துணியை நீட்டிச் சொன்னாள். அவர் கதவைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டார்.

"வேன் எந்த வளைவுல நின்டதுன்னு தெரியுமா புள்ள?"

"தெரியும் நானா."

"எத்தின புள்ளைங்க?"

"பதினாறு."

அவர் அவளுடைய லொக் புத்தகத்தை மேசை மேலிருந்து எடுத்து லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். "வாங்க," என்று முன்னால் நடந்தார். போன இடம் நஜீப்பின் கடை.

நஜீப் கவுண்டருக்குப் பின்னால் நின்று, யாரும் வராததுபோல் வீதியைப் பார்த்தார். "சொல்லுங்க," என்றார் கபூர் நானா அவளிடம். ஒரு வாடிக்கையாளரும் அங்கே நின்றார். அவள் மஞ்சள் தண்ணீர் முதல் சவர்க்காரம் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

நஜீப் அவளைப் பார்க்கவில்லை, கபூர் நானாவைப் பார்த்தார். "கபூரு, என்ட கொயில் ரெண்டு போட்டியே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எடத்த மாத்திப் பாத்தியா?"

கபூர் நானா இல்லை என்று தலையசைத்தார்.

"இந்தப் புள்ள பாத்திச்சா?"

"பாத்தேன் நானா," என்றாள் விஜயகலா.

"அப்ப ஒன்ட கராஜ்ல மெக்கானிக் யாரு, எடுபிடி யாரு?" என்ற நஜீப், உள்ளே திரும்பி, "தேத்தண்ணி ரெண்டு போடுங்க," என்று குரல் கொடுத்தார். ஒரு நிமிடம் கழித்து, "மூணு," என்றார்.

சொக்கெட்டை விஜயகலாவே மாற்றினாள். ஷிராஸிடமும் அவளே சொல்லவேண்டும் என்று கபூர் நானா சொன்னார், சொன்னாள். ஷிராஸ் பொனட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீக்கலாமே தங்கச்சி. பொனட்ட மூடிட்டு ஊத்துங்கன்னு சொல்லியீப்பேன்." பிறகு, "ஊத்தினதுதான் ஊத்தினீங்க, நல்லா வேண்டிக்கிட்டா ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

"நல்லா வேண்டிக்கிட்டேன்."

"அதான் அந்த லொறிக்காரன் பிரேக் புடிச்சான்," என்றார். அது பகிடியா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று முழுவதும் அவரை வேனில் வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். நடுக்கம் இல்லை.

ஆனால் லாச்சி திறக்கவில்லை. ஒன்பது நாள் அவள் தரை கூட்டினாள், ஒயில் மாற்றினாள், டயர் கழற்றினாள். ஸ்கேனரை அவள் கையில் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, நோட்டை வாசிக்காமல் படுத்துக்கொள்வாள். "திரும்ப செக்ரோல்ல பேர் போடுவாங்களா அத்தே?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

பத்தாம் நாள் கபூர் நானா லாச்சியைத் திறந்து, புத்தகத்தை அவள் முன்னால் போட்டார். "அந்த வேனுக்கு ஒரு பக்கம் எழுதுங்க."

முறைப்பாடு எழுதினாள். பரிசோதனையில் இடம் மாற்றிப் பார்த்ததையும் சவர்க்காரத்தையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'மூன்றாவது கொயிலின் சொக்கெட்டுக்குள் தண்ணீர் போனது' என்று எழுதினாள்.

கபூர் நானா வாசித்தார். "எந்தத் தண்ணி? அது தானா நடந்து போச்சா?"

பேனையை எடுத்து மறுபடி எழுதினாள். 'மஞ்சள் தண்ணீர். ஆயுத பூசையன்று ஊற்றியது நான்.'

அவர் பேனையை அவளிடமிருந்து வாங்கினார். அதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, 'இடம் மாற்றிப் பார்க்காமல் இரண்டு கொயில் போட்டது நான்' என்று எழுதி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார். அப்படியே மற்றப் பக்கங்களையும் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். பிறகு ஸ்கேனரை அவள் கையில் கொடுத்தார். அதன் முதுகில் குங்குமப் பொட்டு இன்னும் இருந்தது, யாரும் துடைக்கவில்லை.

மாலையில் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். காத்தமுத்துவுக்குக் கேட்கும்படி வாசித்தேன். 'ஊற்றியது நான்' என்று வந்ததும் அவர் இடது கையால் கட்டிலைத் தட்டினார். "இல்ல. இல்ல."

"என்னாப்பா இல்ல?"

கையை நீட்டினார். பேனை கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. "இது கவர்ன்மென்ட் புத்தகம், கண்டபடி கிறுக்கக்கூடாது," என்றேன். விஜயகலா என்னைப் பார்த்தாள். நான் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். அவள் பேனையை இடது கை விரலுக்குள் வைத்து, புத்தகத்தைப் பலகையில் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் ஆனது. முடிந்தபோது கபூர் நானாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு 'கா' இருந்தது. 'த்' வருமுன் கை களைத்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்னவளும் ஒரு வரி எழுதியிருக்கவேண்டும். பக்கத்தில் இடமில்லை.

ஜனவரியில் சோதனைக்கு வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பக்கத்தில் இத்தனை கையெழுத்து ஏன் என்று கேட்டு, சிங்களத்தில் சொல்லச் சொன்னார். சொன்னாள். அந்தக் கோணல் எழுத்தைக் காட்டி, "மே கவுத?" என்று கேட்டார், இது யார் என்று.

"மகே தாத்தா, சேர். லொறி டிரைவர்," என்றாள். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா.

அவர் பக்கத்தைத் திருப்பினார். வெளியே ஒரு கார் நிற்கிறது, ஓடவிட்டால் நடுங்குகிறது, கண்டுபிடி என்று அனுப்பினார். அவள் ஸ்கேனரைப் போட்டாள், பிறகு இடம் மாற்றிப் பார்த்தாள், பிறகு சொக்கெட்டைத் திறந்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் காரணத்தைச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு கபூர் நானாவின் கராஜில் நிரந்தர வேலை. தோட்டத்து முச்சக்கர வண்டிக்காரர்கள் அவளிடம்தான் போகிறார்கள். இந்த வருஷமும் ஆயுத பூசை வந்தது. முதல் நாள் மாலை மஞ்சளையும் செம்பையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "லொறி," என்று கூப்பிட்டார் காத்தமுத்து. திரும்பிப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி, பொனட்டை அழுத்தி மூடுவதுபோல் காட்டினார். அவள் தலையாட்டும் வரை கையை இறக்கவில்லை.

"போ," என்றார்.